ரோமானிய வில்லா அகழாய்வுக்குப் பணம் கட்டிப் போகிறீர்களா?

"முன் அனுபவம் தேவையில்லை. ரோமானிய வில்லா ஒன்றை உங்கள் கையாலேயே தோண்டிப் பாருங்கள்." அறிவிப்பில் இருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். இரண்டு வாரப் பயிற்சிக்கு 700 பவுண்டு. கீழடிப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில் ஒரு அகழாய்வு என்றதும் கை தானாக கார்டை எடுத்தது. கூடாரம், தூங்கும் பை, இரும்பு முனை வைத்த பூட்ஸ், ரயில் டிக்கெட், சாப்பாடு, அப்புறம் கை வீங்கி வீட்டில் கிடந்தபோது போன சம்பளம் எல்லாம் சேர்த்தால் 1,100 பவுண்டைத் தாண்டிவிட்டது. வருட விடுப்பில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. தெரிந்தவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும். எனக்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் இந்த நீளக் கட்டுரை.

இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் பக்கம் ஒரு விவசாயியின் வயல் என்பது போதும். மறைக்கக் காரணம் இருக்கிறது. இங்கே இரவில் மெட்டல் டிடெக்டருடன் வந்து மண்ணில் கிடக்கும் பழங்காசுகளைத் திருடிப் போகிறவர்கள் உண்டு, 'நைட்ஹாக்' என்பார்கள். முதல் நாள் காலையிலேயே "இருப்பிடம் தெரியும்படி படம் போடாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் போகும் இடத்திலும் சொல்வார்கள், கேளுங்கள்.

வில்லா என்றதும் பளிங்குத் தூண்கள் மனதில் வந்தால் அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பிரிட்டன் கி.பி. 43 முதல் 410 வாக்கில் வரை ரோமானிய ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்து வில்லாக்களில் பெரும்பாலானவை வசதியான பண்ணை வீடுகள். நடுவில் வரிசையாக அறைகள், முன்னால் நீளத் தாழ்வாரம், இரண்டு ஓரத்திலும் முன்னுக்கு நீட்டிய அறைகள், சுற்றிலும் களஞ்சியமும் தொழுவமும். காசு சேர்ந்தவர்கள் ஓர் அறையில் தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும்படி செங்கல் தூண்கள் அடுக்கி, மேலே சின்னச் சின்ன வண்ணக் கற்களால் மொசைக் பதித்தார்கள். ஃபிஷ்போர்ன் மாதிரியான மாளிகை அபூர்வம். ரட்லண்டில் 2020 ஊரடங்கின்போது வயலில் கிரேக்கரின் ட்ராய் போர்க் கதையில் வரும் அக்கிலீஸ், ஹெக்டர் சண்டையைப் பதித்த மொசைக் வெளிப்பட்டதே, அதுவும் அபூர்வம். ஆனால் எங்கள் குழுவில் வந்திருந்த எல்லாருடைய கண்ணிலும் அந்த மொசைக்தான் இருந்தது. என் கண்ணிலும்தான்.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஏமாற்றம்: தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. மேல்மண்ணை ஏற்கனவே ஜேசிபி எடுத்துவிட்டிருந்தது. பல் இல்லாத அகலமான பக்கெட்டை மாட்டி, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க, அங்குலம் அங்குலமாக வழித்தெடுப்பார்களாம். அப்படித் திறந்த பெரிய செவ்வகத்தில்தான் எங்களை இறக்கினார்கள். கீழடியில் போலச் சதுரச் சதுரமான குழிகள் இல்லையே என்று கேட்டேன். சதுரங்களுக்கு நடுவே மண் வரப்பு விட்டுத் தோண்டும் அந்த முறையை நம் நாட்டில் பரப்பியவர் மார்ட்டிமர் வீலர். மனைவி டெஸ்ஸாவோடு 1930களில் இங்கே வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டி மாணவர்களைப் பழக்கியவர், 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்து தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி, 1945இல் அரிக்கமேட்டில் கை வைத்தார். பிரிட்டனில் இப்போது வரப்பில்லாமல் முழுப் பரப்பையும் ஒன்றாகத் திறப்பதுதான் வழக்கம். சுவர் எங்கே ஓடுகிறது என்பதை ஒரே பார்வையில் பார்க்கலாம். மழை பெய்தால் முழுக் குழியும் ஒரே குளமாகும் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை.

ஆரம்ப நாட்கள் முழுக்கச் சுத்தம் செய்வது மட்டும்தான். வரிசையாக மண்டியிட்டு, கொத்தனார் கரண்டியின் ஓரத்தால் மண்ணை நம்மை நோக்கி மெல்லச் சீவிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் சுத்தம் செய்ததையே மிதிப்போம். முனையால் குத்தக் கூடாது. இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை என்று தோன்றும். அரைமணி நேரம் கழித்து மேற்பார்வையாளர் வந்து நம் பகுதியையும் பக்கத்து ஆளின் பகுதியையும் மாறி மாறிப் பார்க்கும்போது தெரியும். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் தரை மெழுகியது போல இருந்தது. அதில் பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு தெளிவாக ஓடியது. என் தரையில் அந்தக் கோடு என் முழங்காலோடு நின்றுவிட்டது. வெயிலில் மண் காய்ந்தால் நிற வேறுபாடு மறைந்துவிடும் என்பதால் தண்ணீர் தெளிப்பானை வைத்துக்கொண்டு நனைத்து நனைத்துப் பார்க்கிறார்கள். செடிக்குத் தெளிக்கும் சாதாரண பாட்டில்தான். சொந்தமாக ஒன்று கொண்டு போங்கள், பொதுவில் இருப்பது எப்போதும் யார் கையிலாவது இருக்கும்.

கருவி தருகிறோம் என்று சொன்னாலும் கரண்டியை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். இங்கே எல்லார் கையிலும் இருப்பது கொத்தனார் பூச்சு வேலைக்கு வைத்திருக்கும் நாலு அங்குலக் கரண்டி. டபிள்யூ.ஹெச்.எஸ். என்ற ஷெஃபீல்டு கம்பெனியுடையதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அது ஒரே இரும்பில் அடித்தது. மலிவுக் கரண்டிகளில் கைப்பிடிக் கம்பியைத் தகட்டில் பற்றவைத்திருப்பார்கள், களிமண்ணில் அந்த இடத்தில் முறியும். முழங்காலுக்கு மெத்தை கட்டாயம், தடிமனாக இருக்கட்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தேன், இடுப்புக்கு நன்றாகத்தான் இருந்தது. குதிகால் பதிந்து தரை குழிகிறது என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைச் சுண்ணப்பாறையில் வெயில் பட்டுக் கண் கூசும், குளிர்க்கண்ணாடி வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் காய்ச்சல் வரும் என்பதால் சாப்பிடும் முன் கை கழுவுவதில் சமரசம் வேண்டாம். பெண்களுக்கு இன்னொன்று: மொத்தக் கூட்டத்துக்கும் இரண்டே தற்காலிகக் கழிப்பறைகள், குழியிலிருந்து நல்ல தூரம். எத்தனை இருக்கும், எங்கே இருக்கும் என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. சைவ உணவு உண்டு என்றார்கள், சீஸ் சாண்ட்விச்தான் அது. கூடார அடுப்பில் சோறு வைத்துப் பருப்புப்பொடியும் ஊறுகாயுமாக நான் பிழைத்தேன். இரண்டாவது இரவிலிருந்து அந்த ஆசிரியையும் ஒரு தட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தார்.

அப்புறம் மழை பிடித்தது. அந்தப் பகுதியில் சுண்ணப்பாறைக்கு மேலே ஒட்டும் களிமண் கிடக்கிறது. ஈரமானால் பூட்ஸோடு பாதி வயல் வரும். நனைந்த குழியில் இறங்கினால் மிதித்தே எல்லாவற்றையும் கெடுத்துவிடுவோம், ஆகவே யாரும் இறங்கக் கூடாது. முதல் நாள் தார்ப்பாய்க்குக் கீழே டீ குடித்துக்கொண்டு சிரித்தோம். அடுத்த நாள் சிரிப்பு வரவில்லை. கட்டிய பணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கணக்கு எழுதுவது என் தொழில், அந்தப் புத்தி விடாது. மழை நாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்பது நிபந்தனையில் சின்ன எழுத்தில் இருந்ததாம். மழைக்கு அவர்கள் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். மழை நாளில் வேறு என்ன சொல்லித்தருவோம் என்று அவர்களிடம் ஒரு திட்டமும் இல்லாததுதான் எனக்குக் கோபம். நல்ல பயிற்சி அகழாய்வுகளில் அதற்கென்றே பானை ஓடு வகுப்போ வரைபட வகுப்போ எடுத்து வைத்திருப்பார்கள் என்று பிறகு அறிந்தேன்.

ஒன்றும் இல்லாமல் உட்கார முடியாமல் கொட்டகையில் ஓடு கழுவுகிறவர்களிடம் போய் நின்றேன். உண்மையில் அங்கேதான் படித்தேன். ஒரு தொட்டி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய பல் துலக்கி. பானை ஓட்டின் உடைந்த விளிம்பை நன்றாகத் தேய்க்க வேண்டும், களிமண்ணின் கலவை அங்கேதான் தெரியும். இரும்பையும் செம்பையும் தண்ணீரில் போடவே கூடாது. ஒவ்வொரு தட்டிலும் எண் எழுதிய சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு தட்டை விட்டுப் போனால் அதிலிருக்கும் ஓடுகளுக்கு மதிப்பே இல்லை, எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. சாம்பல் நிறச் சாதாரணப் பாண்டம் ஆலிஸ் ஹோல்ட் காட்டுப் பக்கம் செய்தது, கறுத்துப் பளபளக்கும் சமையல் பானை டார்செட்டிலிருந்து வந்தது, சிவந்து வழவழக்கும் சாமியன் ஓடு கடல் தாண்டி கால் (Gaul) நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கமிருந்து வந்தது என்று நாலைந்து வகையைக் கை பழகிக்கொண்டது. ஒரு கூரை ஓட்டுத் துண்டைத் தேய்க்கும்போது நடுவில் பள்ளம் பள்ளமாக அழுக்கு போகாமல் நின்றது. மேலும் தேய்த்ததும் நாலு விரலும் உள்ளங்காலுமாக நாய்த் தடம். சூளைக்குப் போகும் முன் வெயிலில் காயவைத்த பச்சை ஓட்டின் மேல் ஏதோ ஒரு நாய் நடந்து போயிருக்கிறது. நகம் பதிந்த இடத்தில் புள்ளிகூடத் தெரிந்தது. பக்கத்துத் தொட்டிக்காரர் எட்டிப் பார்த்து, "வருடத்துக்கு ஒன்றாவது வரும்" என்றுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். எனக்கு அந்த மழை நாள் அதோடு சரியாகிவிட்டது. செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புத் தளத் துண்டு ஒன்றும் கிடைத்தது. நம் ஊர்ப் பழைய வீட்டுத் தளத்தில் போடும் சுர்க்கிக் காரையேதான், இளஞ்சிவப்பில்.

மழை விட்டபின் எங்களுக்கு ஒதுக்கியது தாழ்வாரச் சுவர். மண்ணுக்குள் மின்தடையை அளந்து எடுத்த படத்தில் அந்தச் சுவர் கறுப்புக் கோடாக, அளவுகோல் வைத்து இழுத்தது போல் இருந்தது. நானும் ஆசிரியையும் அந்தக் கோட்டின் மேல் நாள் கணக்கில் இறங்கினோம். உடைந்த காரை, சின்னச் சின்னச் சக்கிமுக்கிக் கல், மறுபடி உடைந்த காரை. சுவர் வரவில்லை. அடுத்த குழுவில் ஒரு பையன் ரோமானியச் செப்புக்காசு எடுத்து எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்த அன்று, எங்கள் பள்ளத்தில் பச்சை மெருகு பூசிய இடைக்காலப் பானை ஓடு ஒன்று வந்தது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகை வராத குறை. சுவரே அங்கே இல்லை என்று அப்போதுதான் விளங்கிற்று. இடைக்காலத்து ஆட்கள் தங்கள் கட்டடத்துக்குக் கல் வேண்டும் என்று சுவரோடு சுவராகத் தோண்டி அடிக்கல் வரை உருவிக்கொண்டு, உதவாத காரையையும் பொடிக்கல்லையும் பள்ளத்திலேயே தள்ளி மூடியிருக்கிறார்கள். கல் நொறுங்கல் நிறைந்த பள்ளமும் சுவர் மாதிரியே மின்தடை காட்டும் என்பதால் படத்தில் அது சுவராகத் தெரிந்திருக்கிறது. கல்லைத் திருடிய பள்ளம் என்று இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு சாதாரணம். கல் கிடைக்காத ஊர்ப்பக்கங்களில் ரோமானியச் சுவரை முழுசாகப் பார்ப்பதே அதிர்ஷ்டமாம்.

அன்று சாயங்காலம் கூடாரத்தில் படுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். இவ்வளவு பணம் கட்டி, கை வலிக்க வலிக்க, இல்லாத சுவரைத் தோண்டியிருக்கிறேன். அதோடு எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் வேறு வேலைக்குப் போக, வந்த புது ஆள் எங்களைத் தள்ளுவண்டி தள்ளும் கையாகத்தான் பார்த்தார். மண் மேடு உயர்ந்ததைத் தவிர முன்னேற்றம் எதையும் நான் காணவில்லை. காலையில் நேராக இயக்குநரிடம் போய், "பதிவு செய்யக் கற்றுத்தருவதாக அறிவிப்பில் இருந்தது. இன்னும் ஒரு படிவத்தைக்கூட நாங்கள் தொடவில்லை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் மறுப்பு சொல்லவில்லை. அன்று மதியமே அந்தக் கல் உருவிய பள்ளம் முழுவதையும் பதிவு செய்யும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. கேட்டால்தான் கிடைக்கும். இதை முதல் நாளே கேளுங்கள்.

பள்ளத்துக்கு ஓர் எண், அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பள்ளத்தை நிரப்பிய மண்ணுக்கு இன்னோர் எண், அது வட்ட அடைப்புக்குறிக்குள். வெட்டியது ஒரு செயல், நிரப்பியது வேறொரு செயல், இரண்டுக்கும் தனித்தனிப் படிவம். மண்ணின் நிறம், இறுக்கம், என்னென்ன கலந்திருக்கிறது, எதற்கு மேலே, எதற்குக் கீழே. கடைசிக் கேள்விதான் உயிர். எட்வர்ட் ஹாரிஸ் என்பவர் 1973இல் கண்டுபிடித்த கட்டப் படத்தில் இந்த எண்களை முன்னது பின்னது என்று கோடு போட்டு இணைக்கிறார்கள். அந்தப் பச்சை ஓடு எங்கள் நிரப்பு மண்ணுக்குள் இருந்ததால், பள்ளத்தை மூடியது அந்தப் பானை செய்யப்பட்ட பிறகுதான் என்று ஆயிற்று. மேற்பார்வையாளர் ஏன் சந்தோஷப்பட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. சுவர் போன காலத்தை எங்கள் ஓடு சொல்லிவிட்டது.

வரைவது இன்னும் நன்றாக இருந்தது. ஒரு மீட்டர் சதுரச் சட்டம், உள்ளே இருபது சென்டிமீட்டருக்கு ஒரு நூல். தரையில் வைத்து நேர் மேலிருந்து பார்த்து, நனையாத வரைதாளில் இருபதில் ஒரு பங்காக இறக்க வேண்டும். ஒரு கட்டம் தாளில் ஒரு சென்டிமீட்டர். பள்ளத்தின் பக்கவாட்டைக் காட்டும் வெட்டுமுகத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. பென்சில் கெட்டியான 6ஹெச்சாக இருக்கட்டும், மென்மையானது விரல் பட்டாலே கலையும். உயரம் எடுப்பது எனக்கு ஒரு நிமிட வேலை: உயரம் தெரிந்த புள்ளியில் அளவுகோலை நிறுத்தி, மட்டம் பார்க்கும் கருவி வழியாகப் படித்ததை அந்த உயரத்தோடு கூட்டி, வேண்டிய இடத்தில் படித்ததைக் கழித்தால் போதும். பாதிப் பேர் இதில் தடுமாறினார்கள். கணக்கெழுதுகிறவளுக்கு இங்கேயாவது மரியாதை கிடைத்தது.

கை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வாரக் கடைசியிலேயே வலது மணிக்கட்டு எரிய ஆரம்பித்தது, களிமண்ணைத் தோண்டித் தோண்டி வீங்கியது. "பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. ஊர் திரும்பியபின் மருத்துவர் பார்த்து, தசைநாண் உறை வீங்கியிருக்கிறது, பட்டை கட்டிக்கொண்டு ஓய்வெடுக்க வேண்டும் என்றார். கீபோர்டு தட்ட முடியாத கணக்கருக்கு அலுவலகத்தில் என்ன வேலை? சம்பளமில்லா விடுப்புதான். எரிச்சல் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டு ஓடு கழுவவோ வரையவோ மாற்றிக்கொள்ளுங்கள், வேலை மாற்றிக் கேட்பது அங்கே இழுக்கே இல்லை. இறுகிய மண்ணுக்குக் கரண்டியோடு மல்லுக்கட்டாமல் மேட்டக் எனும் அகலக் கொத்தைக் கேட்டு வாங்கி நின்றபடி வேலை செய்யலாமா என்று கேளுங்கள். இடது கையையும் பழக்குங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது என்று என்னிடம் இப்போது ஒரு மின்னஞ்சல் தயாராக இருக்கிறது. ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை பயிற்சியாளர்கள், அவர் முழு நாளும் இருப்பாரா. படிவம், வரைபடம், உயரம் மூன்றையும் எந்த நாளுக்குள் கற்றுத்தருவீர்கள். மழை நாளில் என்ன திட்டம். காயம் பட்டால் காப்பீடு உண்டா. கற்றதை ஒவ்வொன்றாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டுத்தரும் திறன் ஏடு உண்டா. பின்னால் தொல்லியல் வேலைக்கு முயல்கிறவர்களுக்கு அது உதவும். தோண்டியது எந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறது, அறிக்கை யார் எழுதுகிறார்கள். இதில் கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பேசுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அறிக்கை எழுதாத அகழாய்வு இடத்தை அழித்ததோடு சரி.

எங்கள் குழியைக் கடைசி வாரத்தில் துணி விரித்து, எடுத்த மண்ணையே போட்டு மூடிவிட்டார்கள். விவசாயி அடுத்த போகத்துக்கு அதில் விதைப்பார். மொசைக் வரவில்லை, வேறொரு மூலையில் மொசைக்கில் பதிக்கும் தெசரா எனும் சின்னக் கல் நாலைந்து உதிரியாக வந்ததோடு சரி. தாழ்வாரத்தின் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது என்றும், இடைக்காலத்தில்தான் போனது என்றும் முதற்கட்ட அறிக்கையில் இரண்டு வரி இருக்கிறது. எங்கள் இரண்டு எண்களும் அதில் உண்டு. அடுத்த கோடைக்கு வேறோர் இடத்துக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பினேன். ஆறு பேருக்கு ஒரு மேற்பார்வையாளர், மழை பெய்தால் பானை ஓட்டு வகுப்பு, கழிப்பறை மூன்று என்று மறுநாளே பதில் வந்தது. ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன். ஆசிரியையும் வருகிறார், பருப்புப்பொடி என் பொறுப்பு.